அம்மா தாளித்த ஜப்பான் சூப்பு

நம் வயசுக்காரர்களுக்கு மிசோ ஒரு விஷயமே இல்லை. நம் தீவில், குர்னி பக்கம் எந்த மாலுக்குள் நுழைந்தாலும் மூன்றாவது கடை ஜப்பான் கடை. வசாபியை மொத்தமாக வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வீடியோ எடுத்துத் திரிந்தவர்கள்தானே நாம்? இப்போது எல்லாருக்கும் முப்பது நெருங்குகிறது. குனிந்து நிமிர்ந்தால் முதுகில் ஏதோ பிடிக்கிறது. பழைய கதை பேசும் தகுதி வந்துவிட்டது, அதனால் பேசுகிறேன்.

போன மாதம் எல்லாரும் சாப்பிடப் போனோமே, அன்றைக்குத் தொன்ஜிரு கிண்ணத்தை நான் தள்ளிவைத்தபோது "என்ன, டயட்டா?" என்று ஓட்டினீர்கள். டயட் இல்லை. பன்றி இறைச்சியை மெல்லிசாகச் சீவி, முள்ளங்கி, கேரட், கிழங்கு எல்லாம் போட்டு வேகவைத்து, கடைசியில் மிசோ கரைக்கிற அந்தச் சாதுவான சூப்பு இருக்கிறதே, அது மேசைக்கு வந்தால் இன்னும் என் கை கரண்டிக்குப் போகாது. சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பேன். முடிக்கிற வரைக்கும் பார்ப்பேன். அன்றைக்கு உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்று கேட்டதுகூட அதனால்தான்.

அப்பாவுக்கு ஜூருவில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன் வேலை. காலையில் மோட்டோ சைக்கிளோடு ஃபெரியில் ஏறி, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இறங்கி அங்கிருந்து ஜூருவுக்குப் போவார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், புது மெஷின் பயிற்சிக்கு அவரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம். திரும்பி வந்தால் சூப்பர்வைசர் வேலை என்று பேச்சு. விமான நிலையத்தில் அவர் வெளியே வந்தபோது நான் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். சட்டை தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு நின்றது.

"என்னங்க இப்படி எலும்பா வந்திருக்கீங்க?" என்றார் அம்மா.

"அங்க எல்லாத்துக்கும் நடக்கணும்லா. நடந்து நடந்து இளைச்சிட்டேன்."

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் முதலில் மாதா கோயிலில் பூசை, பூசை முடிந்து கறி, காய் வாங்க புலாவ் திக்குஸ் பசார், பசார் முடிந்து பன்றிப் பிரட்டல். அம்மாவின் பிரட்டலுக்கு எங்கள் ஃபிளாட் முழுக்கப் பேர் இருந்தது. மிளகும் காய்ந்த மிளகாயும் இஞ்சியும் சேர்த்து இடித்துப் போட்டு, கொழுப்பு உருகி எண்ணெய் பிரிந்து, கறி கறுப்பாகும்வரை கிளறுவார். மாடியிலிருந்து இறங்குகிறவர்கள் எங்கள் வாசலில் தும்முவார்கள். அப்பா வந்த முதல் ஞாயிறு, அம்மா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கறி வாங்கினார். அப்பா ஒரு துண்டு எடுத்தார். மென்றார். தண்ணீர் குடித்தார். தட்டை மெதுவாக, மேசையில் சத்தம் வராமல், தள்ளினார்.

"என்ன, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. வாய் பழகிப்போச்சு வேற மாதிரி. அங்க ஒரு சூப்பு தருவாங்க, இதே பன்றிக்கறிதான், முள்ளங்கி கேரட் எல்லாம் போட்டு. லேசா இருக்கும். அது மாதிரி இருந்தா..."

"யார் தருவாங்க?"

"ஹாஸ்டல்ல."

அம்மா மூடியைத் தேடி எடுத்தார். பிரட்டலை மூடிவைத்தார். அந்த மூடி விழுந்த சத்தத்தில் எனக்குப் பசி போய்விட்டது.

அடுத்த ஞாயிறும் அதே. வார நாட்களில் அப்பா ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, "கேன்டீன்ல சாப்பிட்டேன்" என்பார். வீட்டில் சாம்பார் வைத்தால் சாம்பார் வேண்டாம், மீன் வைத்தால் மீன் வேண்டாம். சாயங்காலம் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே மோட்டோ வந்து நிற்கும் சத்தம் எனக்குத் தெரியும். சத்தம் நின்ற பிறகு அவர் மேலே வர ரொம்ப நேரம் ஆகும். ஒருநாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மோட்டோவில் உட்கார்ந்தபடியே முன்கூடையின்மேல் கவிழ்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. போனில் யாரோடோ ரகசியமாகப் பேசுகிறார் என்று முடிவுகட்டினேன். பதினொரு வயது, கேள்விக்கு முன்னாலேயே பதில் சொல்லும் பிள்ளை என்று பள்ளியில் பேர் வாங்கியவள். என் முடிவு தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இதெல்லாம் போதாதென்று பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, குவே பலகாரமும் செய்தியும் கொண்டுவருவார். குவே எனக்கு, செய்தி அம்மாவுக்கு.

"ஆறு மாசம் தனியா இருந்த ஆம்பளை. வந்ததும் உன் கைச்சாப்பாடு புடிக்கல. இன்னும் என்னத்தைடி சொல்லணும் உனக்கு?"

"சும்மா இருக்கா. புள்ள கேக்குது."

"கேக்கட்டுமே. நாளைக்கு அதுக்கும்தானே அப்பன் வேணும்?"

நான் அறைக்குள் போய் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்தேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அப்பா கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். அவளும் அம்மாவும் சுங்கை பாக்காப்பில் மாமா வீட்டுக்குப் போனார்கள். அவளுடைய மேசை காலியாகி, அதில் ஒரு வாரத்துக்குள் எல்லாரும் புத்தகப்பை வைக்கத் தொடங்கினோம். என் மேசையிலும் பை வைப்பார்கள் என்பதுதான் என் முதல் கவலை. அதற்குப் பிறகுதான் அம்மா, அப்பா எல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அப்புறம் அந்தப் படம். அப்பா குளிக்கப் போயிருந்தபோது பெரியம்மா அவருடைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீதானே கெட்டிக்காரி. ஜப்பான் படமெல்லாம் காட்டு." அம்மாவும் எட்டிப் பார்க்க, நான் காட்டினேன். பனி, ரயில், மெஷின், பனி. அடுத்து ஒரு அடுக்களை. ஏப்ரன் போட்ட ஒரு பொம்பளை பெரிய பானைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் கையில் கிண்ணத்தோடு அப்பா. அப்பாவும் சிரிக்கிறார். ஊர் திரும்பியதிலிருந்து அந்தச் சிரிப்பை நாங்கள் பார்க்கவில்லை.

இன்றைக்கு அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தால், அந்தம்மாவுக்கு அம்மாவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், முடி பாதி நரைத்திருந்தது என்று தெரிகிறது. அன்றைக்கு மூன்று பேரில் ஒருவரும் நரையைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தோம்.

"இந்தா, சூப்புக்காரி," என்றார் பெரியம்மா.

அம்மா போனை வாங்கி, திரையைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். "பள்ளியில கம்ப்யூட்டர் இருக்குல்ல? அந்தச் சூப்பு எப்படி செய்யறதுன்னு பார்த்துட்டு வா. ஒண்ணு விடாம."

நான் பறந்தேன். எனக்குக் கிடைத்த வேலையில் இதைவிடப் பெரிய வேலை அதுவரை இல்லை. அப்பாவை வீட்டில் நிறுத்திவைக்கும் வேலை! இடைவேளை முழுக்கக் கணினி அறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன்.

ஞாயிறு பசாரில் பன்றிக்கறிக் கடைச் சீன அங்கிள் அம்மாவைக் கண்டதும் வழக்கம்போல் பெரிய கத்தியை எடுத்துத் துண்டு போடத் தொடங்கினார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அங்கிள், மெல்லிசா! தின் தின்! காகிதம் மாதிரி!"

"ஹையா, சூப்புல முக்கி எடுக்கற ஸ்டீம்போட்டா? உங்கம்மா கறிதானே செய்யும்?"

"இன்னிக்கு ஜப்பான்," என்றேன்.

"வாஹ், ஜப்பான்!" கத்தியைத் தீட்டினார். "அம்மாட்ட சொல்லு, கொழுப்போட எடுக்கணும். கொழுப்பு இல்லாட்டி தண்ணிதான்."

முள்ளங்கி, கேரட், கெலாடி என்கிற சேப்பங்கிழங்கு, சோயாக் கட்டியான தௌஹூ, வெங்காயத்தாள் எல்லாம் பசாரிலேயே கிடைத்தன. ஏதோ ஒரு நீளமான வேர் போடச் சொல்லியிருந்தது. அது கிடைக்கவில்லை. மிசோவுக்கு ஜப்பான் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். அம்மா பொட்டலத்தை அழுத்திப் பார்த்து, "இது நம்ம சீனன் கடை தாவ்ச்சு மாதிரிதானே இருக்கு. புளிச்ச சோயா. இதுக்கா இவ்வளவு?" என்றார்.

வீட்டில் பெரியம்மா முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். பூசைக்குக்கூட வரவில்லை. தலைவலி என்று சொன்னார்.

கருவாட்டுத் துருவல் போட்டுச் சாறு எடுக்க வேண்டும் என்று நான் ஒப்பித்தேன். அம்மா ஒரு நிமிஷம் யோசித்து, டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து, தலையைக் கிள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டார். பல வருஷம் கழித்து, ஜப்பான் வீடுகளில் நெத்திலியிலும் அப்படிச் செய்வார்கள் என்று படித்தபோது எனக்கு அம்மாவை நினைத்து ஒரு பெருமையே வந்தது. கறியைச் சட்டியில் வதக்கினார். கொழுப்பு சீறியது. கிழங்கு, முள்ளங்கி, கேரட், சாறு. நுரையைக் கரண்டியால் வழித்து வழித்து எடுத்தார். அடுக்களை முழுக்க ஏதோ ஒரு சாந்தமான வாசனை, எங்கள் வீட்டு வாசனையே இல்லை. யாரும் தும்மவில்லை.

"இப்ப அடுப்பை அணைக்கணும்மா. அப்புறம்தான் மிசோ. கொதிக்க விடக்கூடாது."

"கொதிக்காம எப்படிடி? பச்சையாவா குடிக்கிறது?"

"அப்படித்தான் போட்டிருந்துச்சு."

அம்மா அணைத்தார். கரண்டியில் மிசோவை வைத்து, சாறு விட்டுக் கரைத்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். பெரியம்மாவுக்கும் ஒரு சொட்டு.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு," என்றார் பெரியம்மா.

எனக்கும் ஒரு சொட்டு கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் உப்பு, தொண்டைக்குள் சூடாக இறங்கியது. சொல்லலாம் என்று அம்மாவைப் பார்த்தேன். பானையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள் யாரோ நின்று சிரிப்பதுபோல.

பிறகு சின்ன வாணலியை எடுத்தார். ஒதுக்கிவைத்திருந்த கொழுப்பைப் போட்டார்.

"அம்மா, தாளிப்பு அதுல இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா?"

"அவ செஞ்ச மாதிரியே செஞ்சா அது அவ சூப்புதானே? நான் எதுக்கு?"

கடுகு. காய்ந்த மிளகாய் ஒரு கை. கறிவேப்பிலை. இடித்த இஞ்சியும் மிளகும். கடைசியில், பெரியம்மா நீட்டிய சில்லி பாடி என்கிற ஊசி மிளகாயைக் கீறிப் போட்டார். வாணலியைப் பானையில் கவிழ்த்தபோது எழுந்த சத்தத்தில் நான் பின்னால் துள்ளினேன். மாடிப்படியில் யாரோ தும்மினார்கள். பெரியம்மா சிரித்தார். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு."

அப்பா வந்து மேசையில் உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், முள்ளங்கியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "தொன்ஜிருவா? நீ செஞ்சியா?" என்றார். அதன் பிறகு மேலே மிதந்த மிளகாயையும் பார்த்தார்.

நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். அம்மா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் எப்போதோ போய்விட்டது. அப்பா ஒரு வாய் குடித்தார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"நல்லா இருக்கா?" என்றார் அம்மா.

"நல்லா இருக்கு."

"அங்க இருந்தது மாதிரி இருக்கா?"

"அதைவிட நல்லா இருக்கு."

கிண்ணம் முழுக்கக் குடித்தார். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் குடித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பா இனி எங்கேயும் போகமாட்டார், என் மேசையில் யாரும் பை வைக்கமாட்டார்கள், எல்லாம் நான் மனப்பாடம் பண்ணியதால்! அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்றால், அம்மா காலிக் கிண்ணங்களை அடுக்களைக்குக் கொண்டுபோகும் நேரம்தான்.

குளியலறையிலிருந்து ஒரு சத்தம். வாளி உருண்டது. அம்மா ஓடினார். நானும் ஓடினேன். அப்பா தரையில் மண்டியிட்டு இருந்தார். அவர் வாந்தி எடுத்தது சூப்பு நிறத்தில் இல்லை. காப்பித் தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக இருந்தது.

"மிளகாய் அதிகமா போச்சு போல," என்று தொடங்கிய பெரியம்மா, தரையைப் பார்த்ததும் நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டார். எதிர்வீட்டு அங்கிள் தன் காரை எடுத்தார். பின்சீட்டில் அப்பாவின் தலை அம்மாவின் மடியில். முன்சீட்டில் இருந்த நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் உதடு வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாகவே விழுந்தது, அல்லது எனக்கு அப்படி ஞாபகம்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஒரு பெண் மருத்துவர் வெளியே வந்தார். வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம் கசிகிறது, ரத்தம் ஏற்றுகிறோம் என்றார். அம்மா மலாயில் தடுமாறினார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவர் பதிலை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நான் மிளகாய் போட்டேன்னு சொல்லு. நிறைய போட்டேன்னு சொல்லு," என்றார் அம்மா.

சொன்னேன். மருத்துவர் தலையாட்டினார். மிளகாய் எரிச்சலைக் கூட்டியிருக்கும், ஆனால் புண்ணுக்குக் காரணம் அது இல்லை, புண் பழசு, மெஷின் வேலையில் வந்த முதுகு வலிக்கு அப்பா வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுப் போட்டு வந்திருக்கலாம் என்றார். இதையும் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை. "என் கையாலதான்" என்பார்.

அப்பா கண் திறந்து பேசும்போது நான் கட்டில் காலடியில் நின்றிருந்தேன். ஜப்பானுக்குப் போகும் முன்னாலேயே வயிற்று வலி இருந்ததாம். மருத்துவச் சோதனையில் சிக்கினால் பயிற்சிக்கு வேறு ஆளை அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைத்தாராம். போன இடத்தில் அதிகமானது. வந்த பிறகு, கீழே மோட்டோவிலேயே உட்கார்ந்து வலி அடங்கிய பிறகுதான் மேலே வருவாராம்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"வந்த அன்னிக்கே இவ்வளவு கறி வாங்கி வச்சிருக்க. உன் சமையல் எனக்கு ஆகலைன்னு எந்த வாயால சொல்றது?"

அம்மா மெத்தை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். "அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?"

"எந்தப் பொம்பளை?"

"சூப்புப் பொம்பளை."

அப்பாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரிக்கப் பார்த்து, வலித்து, விட்டுவிட்டார். "ஹாஸ்டல் சமையல்காரம்மா. நான் எதுவும் சொல்லல. சொல்றதுக்கு எனக்குப் பாஷை ஏது? அவங்களா பார்த்தாங்க. மறுநாள்லேர்ந்து எல்லாருக்கும் ஒண்ணு, எனக்குத் தனியா அந்தச் சூப்பு."

பெரியம்மாவுக்கு நிம்மதி. "அட, அவ்வளவுதானா! நான்கூட என்னமோன்னு..." என்று என் தலையைத் தடவினார். எனக்கும் நிம்மதிதான். அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. பொம்பளை விவகாரம் இல்லை என்று தெரிந்தும் ஏன் இப்படி இருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குக் கோபமே வந்தது.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அந்தச் சூப்பை மறுபடி செய்தார். தாளிப்பு இல்லை, மிளகு இல்லை. சட்டியை இறக்கிவைத்துவிட்டு அப்பாவிடம், "அந்தம்மாவைக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டார். அப்பாவோடு பயிற்சிக்குப் போன கூட்டாளி ஒருவர் இன்னும் அங்கேதான் இருந்தார். அவர் வீடியோ கால் போட்டு, போனைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டல் அடுக்களைக்குள் போனார். படம் நடுங்கி நடுங்கி வந்தது. ஏப்ரன் போட்ட அந்தம்மா அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் ஆட்டினார்.

அம்மா அப்பாவை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். கும்பிட்டார். அந்தம்மா குனிந்தார். இருவரும் மாறி மாறி அதையே கொஞ்ச நேரம் செய்தார்கள்.

"கேளுங்க," என்றார் அம்மா. "இவருக்கு உடம்பு சரியில்லைன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்கன்னு கேளுங்க."

கூட்டாளி தனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் கேட்டார். அந்தம்மா பதில் சொல்லத் தொடங்கி, அவருக்குப் புரியவில்லை என்று கண்டதும் சொல்வதை நிறுத்தினார். பாத்திரம் கழுவும் தொட்டி பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொட்டியின் விளிம்பை இடது கையால் இறுகப் பிடித்து, ஒரு தோளை மட்டும் இறக்கி, வலது கையால் தட்டுக் கழுவுவதுபோல் செய்தார்.

அப்பாவேதான். அச்சு அசல்.

எங்கள் வீட்டுத் தொட்டியிலும் அப்பா அப்படித்தான் தட்டுக் கழுவுவார். வந்த நாளிலிருந்து, தினமும் இரண்டு வேளை, எங்கள் கண்ணெதிரே. அம்மா அப்போது மேசை துடைத்துக்கொண்டிருப்பார். நான் தொலைக்காட்சியில் ஒரு கண்ணும் அவர் முதுகில் ஒரு கண்ணுமாக இருப்பேன்.

அம்மாவின் கண் எங்கள் தொட்டி பக்கம் போனது. அந்தம்மா திரும்பிப் பார்த்து, என்னவோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா அவசரமாக ஏதோ சொல்லி, சிரித்து, போனை அணைத்தார்.

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழுந்திரிங்க."

"என்ன?"

"அங்க போய் நில்லுங்க. தொட்டிகிட்ட. எதையும் புடிக்காம."

அப்பா என்னைப் பார்த்தார். போங்க என்று நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து போய்த் தொட்டி முன்னால் நின்றார். கை விளிம்புக்குப் போனது. எடுத்துத் தொங்கவிட்டார். அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்று அந்த முதுகைப் பார்த்தார். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். பக்கவாட்டில் வந்து முகத்தைப் பார்த்தார். மறுபடி முதுகு.

"வலிக்கலடி," என்றார் அப்பா.

"நீங்க பேசாதீங்க," என்றார் அம்மா. "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."